நிறுவன வரைகலைஞரும் அவர் கற்கும் பாடங்களும்

முன்னுரை

கல்லூரி மலரைக் கையில் எடுப்போர் முதலில் நோக்குவது அதன் முகப்பை. அடுத்துத் தேடுவது தம் பெயரையும் தம் காலத்து ஆசிரியர் பெயர்களையும். எழுத்து எந்த அளவினது, பக்கத்தின் ஓரம் எத்துணை அகன்றது, இலச்சினை எவ்விடத்தே நிற்கின்றது என்பனவற்றை எண்ணிப் பார்ப்பார் அரியர். அவை செவ்வனே அமைந்திருப்பின் வாசகர் அவற்றை உணராமலே வாசித்துச் செல்வர். அமையாவிடின் காரணம் அறியாமலே மலரை மூடி வைப்பர். இங்ஙனம் கண்ணிற் படாமலே பயன்தரும் தொழில்களுள் ஒன்று வரைகலைஞர் தொழிலாகும்.

வரைகலைஞர் இருவகையினர். ஒருசாரார் தமக்கெனத் தொழிற்கூடம் வைத்து, நாடி வருவோர் பலர்க்கும் பணிசெய்து கூலி பெறுவர். அவர்க்கு இன்று தேயிலைப் பெட்டிக்கு உறை; நாளை நாடகத்துக்குச் சுவரொட்டி; மறுநாள் மணவழைப்பு. மற்றொருசாரார் ஒரே நிறுவனத்தில் மாதச் சம்பளம் பெற்று, அந்நிறுவனத்தின் அழைப்பிதழ், ஆண்டறிக்கை, விளம்பரம், பெயர்ப்பலகை முதலிய யாவற்றையும் தாமே அமைப்பர். இப்பின்னவரையே நிறுவன வரைகலைஞர் என ஈண்டுக் குறிக்கின்றோம். வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், பத்திரிகைக் கந்தோர், புடைவைக் கடை எனப் பல இடங்களிலும் இத்தகையோர் இன்று கணினியின் முன் அமர்ந்திருக்கக் காண்கின்றோம். கல்லூரியிற் கற்று வெளியேறும் இளைஞருட் சிலரும் இத்தொழிலை விரும்பி ஏற்கின்றனர். ஆயினும், இதன் இயல்பையும் இடர்களையும் அவர்க்கு முன்கூட்டியே எடுத்துரைப்பார் அரியர். இத்தொழிலிற் பல்லாண்டு பழகிய நாம் அறிந்தனவற்றை, உலகறிந்த நிறுவனங்கள் சிலவற்றின் வரலாற்றோடு ஒப்பவைத்து இக்கட்டுரையில் தர முயல்கின்றோம்.

1. உள்ளே இருப்பதன் பயன்

வெளியிலிருந்து வரும் கலைஞர் ஒரு நிறுவனத்தின் முகத்தைக் காண்பர். உள்ளே இருப்பவர் அதன் அடுக்களையையும் காண்பர். எந்தப் பொருள் விலைபோகின்றது, எது களஞ்சியத்தில் தேங்குகின்றது, எந்தக் கடிதத்தை வாடிக்கையாளர் விளங்காமற் திருப்பி அனுப்புகின்றனர் என்பன அவர்க்குத் தெரியும். இவ்வறிவே அவர் முதலில் ஈட்டவேண்டிய மூலதனம்.

பெங்குயின் புத்தகங்களின் பிறப்பு இதற்குச் சிறந்த சான்று. இங்கிலாந்தில் அலன் லேன் என்பார், நல்ல நூல்களை ஆறு பென்ஸ் விலைக்குக் கடதாசி அட்டையில் வெளியிட எண்ணினார். முதற் பத்து நூல்கள் 1935 யூலை 30ஆம் நாள் வெளிவந்தன. அவற்றின் முகப்பை அமைத்தவர் கந்தோரிற் பணிபுரிந்த எட்வேட் யங் என்னும் 21 வயது இளைஞர். இலச்சினைக்குப் பெங்குயின் பறவை என்று முடிவானவுடன், அவரே இலண்டன் மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து பறவையைப் பார்த்து வரைந்து வந்தார். முகப்பில் மூன்று கிடைப் பட்டைகள். மேலும் கீழும் வர்ணம், நடுவே வெண்மை, வெண்மையில் நூற்பெயர். நாவலுக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கடுநீலம் என வர்ணமே நூலின் வகையைக் கூறிற்று.

இவ்வமைப்பில் ஓவியம் என்று சொல்லத்தக்கது ஒரு சிறு பறவையே. ஆயினும் வணிகத்தின் தேவை முழுவதும் அதில் அடங்கியிருந்தது. விலை மலிவு, ஆதலின் நூலுக்கு நூல் புதுப்படம் வரைவித்தல் இயலாது. கடையிற் குவித்து வைக்கப்படும். ஆதலின் தூரத்திலிருந்தே வகை தெரிதல் வேண்டும். தொடர்ந்து பல நூல்கள் வரும். ஆதலின் ஒரு சட்டகத்தில் எல்லாம் அடங்குதல் வேண்டும். இவ்வளவையும் உணர்ந்து செய்வது உள்ளிருப்பவர்க்கே எளிது. எட்வேட் யங் பின்னர் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதியாகி, அவ்வனுபவத்தை நூலாக எழுதினார். 1954இல் பெங்குயின் வரிசையின் 1000ஆவது நூலாக வெளிவந்தது அந்நூலே. தாம் தொடக்கிய வரிசையில் தம் நூலும் இடம்பெறும் பேறு வரைகலைஞர் பலர்க்குக் கிட்டாதது.

புதிதாகப் பணியேற்கும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: முதல் மாதத்தில் எழுத்துருவையும் வர்ணத்தையும் மாற்ற முனையாதிருங்கள். கணக்காளரிடம் சென்று, சென்ற ஆண்டு அச்சுச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். வாயிலில் அமர்ந்திருப்பவரிடம், வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி யாது என வினவுங்கள். வடிவமைப்புக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் இவ்விரு இடங்களிலேயே கிடைக்கும்.

2. விதியும் பொறுமையும்

பெங்குயின் நிறுவனம் வளர்ந்து, அதன் நூல்கள் பல அச்சகங்களில் அச்சிடப்படலாயின. ஒவ்வோர் அச்சகத்தாரும் தத்தம் வழக்கப்படி எழுத்துக் கோத்தனர். சிலர்க்கு வழக்கென்றும் ஒன்றில்லை. இச்சீர்கேட்டைத் திருத்த, 1947இல் யான் சிக்கோல்ட் என்பாரை அலன் லேன் அழைத்தார். இவர் 1902இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் பிறந்தவர். பெயர்ப்பலகை எழுதுவார் ஒருவரின் மகன். 1928இல் புதிய அச்சமைப்புப் பற்றி இவர் எழுதிய நூல் ஐரோப்பாவிற் புகழ்பெற்றது. 1933இல் நாசிகளாற் சிறைப்பட்டு, விடுதலையான பின் சுவிற்சர்லாந்திற் குடியேறியவர்.

இத்தகைய பெரும் புலவர் வந்து செய்த முதற்பணி யாதெனின், எழுத்துக்கோப்போர்க்கு நான்கு பக்கங் கொண்ட விதித்தாள் ஒன்று எழுதியமையே. சொற்களுக்கிடையே இயன்றவரை குறைந்த வெளியே விடுதல் வேண்டும். வாக்கியம் முடிந்தபின்னும் அதே அளவு வெளி போதும். பந்தியின் முதலடி சிறிதே உள்வாங்குதல் வேண்டும். தலைப்பிலுள்ள பெரிய எழுத்துக்களுக்கிடையே வெளியைக் கண்ணளவாற் சமன்செய்தல் வேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. இறுதியாகக் கூறிய விதியே எழுத்துக்கோப்போரைப் பெரிதும் வருத்திற்று. ஆங்கிலத்தில் 'ஏ', 'வி' என்னும் பெரிய எழுத்துக்கள் அடுத்து நின்றால் இடைவெளி அகன்று தோன்றும். 'எச்', 'ஐ' என்பன அடுத்து நின்றால் நெருங்கித் தோன்றும். கோலால் அளந்து சமன்செய்தால் கண்ணுக்குச் சமனாகாது. இதனை வற்புறுத்த ஓர் இறப்பர் முத்திரையே செய்வித்து, பார்வைப்படி தோறும் குத்தி அனுப்பினார் சிக்கோல்ட். தொடக்கத்தில் அதனையும் பொருட்படுத்தாதோர் இருந்தனர். அவர் தளர்ந்திலர், படிகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி அனுப்பினார். 1949 முடிவில் அவர் சுவிற்சர்லாந்துக்கு மீண்டபோது 500க்கு மேற்பட்ட நூல்கள் அவர் பார்வையிற் சீர்பெற்றிருந்தன. பிரித்தானியப் பவுணின் மதிப்பு அவ்வாண்டு செப்ரெம்பரில் 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைக்கப்பட்டமை அவர் மீண்டமைக்கு ஒரு காரணம்.

அவர்க்குப்பின் அப்பதவியேற்ற ஹான்ஸ் ஷ்மொல்லர் 1976 வரை அதிலிருந்து அம்முறையைக் காத்தார். ஒருவர் மூன்றாண்டுக்குக் குறைவாகச் செய்த பணி கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தமைக்குக் காரணம், அது அவர் கைத்திறனில் மட்டும் தங்காது எழுத்திலுள்ள விதியாக அமைந்தமையே. நிறுவன வரைகலைஞர் ஆயிரம் அழகிய தாள்களை அமைத்துவிட்டு விதியொன்றும் எழுதாது நீங்குவாராயின், அவர் நீங்கிய மறுமாதமே அவ்வழகும் நீங்கிவிடும்.

தமிழில் இத்தகைய விதிகள் இன்னும் மிகுதியும் வேண்டப்படுகின்றன. தமிழ்ச் சொற்கள் உருபும் விகுதியும் ஏற்று நீள்பவை. ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் ஓரத்தை நேராக்க முயன்றால், ஓர் அடியில் இரண்டே சொற்கள் நின்று நடுவே பெருவெளி தோன்றும். ஆதலின், பத்தியை அகலமாக்குவதா, வலப்புற ஓரத்தை நேராக்காது விடுவதா, சொல்லைப் பிரிப்பதா என்பதை நிறுவனம் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். பிரிப்பின், அடுத்த அடி புள்ளியெழுத்தில் தொடங்கலாகாது. தமிழிற் பெரிய எழுத்துச் சிறிய எழுத்து என்னும் வேறுபாடில்லை. ஆதலின் தலைப்பின் சிறப்பை அளவாலும் தடிப்பாலும் சூழவிடும் வெளியாலுமே காட்டுதல் இயலும். இம்மூன்றையும் ஒருங்கே கையாண்டால் தலைப்பு கூச்சலாகிவிடும்.

கணினி வந்தபின் மற்றோர் இடர் புகுந்தது. ஈழத்திற் பெருவழக்குற்ற பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரையைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். ஒருங்குறி முறையில் இவ்விடர் இல்லை. ஆயினும் பழைய ஆவணங்கள் பல இன்றும் பழைய முறையிலேயே கிடக்கின்றன. அவற்றை மாற்றிச் சேமித்தலும், மாற்றியபின் எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கலும் நிறுவன வரைகலைஞர் மேற்கொள்ளவேண்டிய பணியே.

விதி வகுத்து அச்சிடும் மரபு நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் சொந்த அச்சியந்திரசாலை நிறுவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள், தம் வசன நூல்களிற் சொற்களைப் பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும், கற்கும் மாணவர் இடர்ப்படாவகை பதிப்பித்தனர். எழுதுதல், அச்சிடுதல், பிழைதிருத்தல் ஆகிய யாவும் ஒரே நோக்கின்கீழ் நடந்தமையால் அப்பதிப்புகள் திருத்தமுற்று விளங்கின.

3. சலிப்பு என்னும் பகை

நிறுவன வரைகலைஞரைப் பற்றும் நோய்களுள் முதன்மையானது சலிப்பு. அதே இலச்சினை, அதே வர்ணம், அதே எழுத்து, ஆண்டுதோறும் அதே ஆண்டறிக்கை. தாம் நாள்தோறும் காண்பதால் அவர்க்கு அது பழையதாகத் தோன்றுகின்றது. அதனை மாற்றிவிடத் துடிக்கின்றார்.

அமெரிக்காவின் சீ.பி.எஸ். ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்தில் 1937 முதற் பணியாற்றியவர் வில்லியம் கோல்டன். 1951இல் தொலைக்காட்சிக்கென அவர் ஒரு கண் வடிவத்தை அமைத்தார். பென்சில்வேனியாவில் வாழும் ஜேர்மானிய வழிவந்த உழவர் தம் களஞ்சியச் சுவரில் எழுதும் காப்புச் சின்னங்கள் அவர்க்கு வழிகாட்டின. அக்கண் அவ்வாண்டு ஒக்ரோபரில் திரையில் தோன்றிற்று. அடுத்த ஆண்டே கோல்டன் வேறொரு சின்னம் அமைக்க முற்பட்டார். நிறுவனத் தலைவர் பிராங் ஸ்ரான்ரன் அதற்கு உடன்பட்டிலர். செய்தவர்க்குச் சலிப்புத் தோன்றும் வேளையே பார்ப்பவர் அதனைக் கவனிக்கத் தொடங்கும் வேளை என்னும் பொருள்பட அவர் விடைகூறினார். கோல்டன் 1959இல் மறைந்தார். அக்கண்ணோ இன்றும் அந்நிறுவனத்தின் அடையாளமாக நிலைத்துள்ளது.

இவ்வரலாற்றில் வடிவமைத்தவரினும் தலைவரே வடிவமைப்பின் இயல்பை நன்குணர்ந்திருந்தனர். வாசகர் ஓராண்டில் நம் இலச்சினையை ஒரு சில முறையே காண்பர். நாமோ ஒருநாளில் நூறுமுறை காண்கின்றோம். நம் சலிப்பை அவர் சலிப்பெனக் கொள்ளுதல் தகாது.

அங்ஙனமாயின் மாற்றமே கூடாதோ எனின், கூடும். பெங்குயின் பறவையைச் சிக்கோல்ட் திருத்தி வரைந்தார். ஆயினும் அது அதே பறவையென்று கண்டவர் அறிந்தனர். இலண்டன் சுரங்கப் புகையிரத நிறுவனத்துக்கு எட்வேட் ஜோன்ஸ்ரன் 1916இல் அமைத்த எழுத்து, 1979இலும் 2016இலும் காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டது. கணினிக் கடிதங்களுக்கும் பிறவற்றுக்கும் வேண்டிய குறிகள் 2016இற் சேர்க்கப்பட்டன. நூறாண்டுக்குப் பின்னும் இலண்டன் பயணி அதனைத் தம் நகரின் எழுத்தென்றே காண்கின்றார். மாற்றம் இங்ஙனம் தேவை கருதி வருதல் வேண்டும்.

4. மறுக்கப்பட்ட வரைபடம்

மேற்கூறிய இலண்டன் நிறுவனமே மற்றொரு பெரும் பாடத்தையும் தருகின்றது. அதன் சமிக்ஞைப் பகுதியில் ஹரி பெக் என்னும் படவரைஞர் பணிபுரிந்தார். 1931இல், வேலை இழந்திருந்த காலத்தில், சுரங்கப் பாதைகளின் புதிய வரைபடம் ஒன்றைத் தாமாகவே வரைந்தார். அதுகாறும் இருந்த வரைபடங்கள் நிலத்தின் உண்மை அளவைப் பின்பற்றியவை. நகரின் நடுவே நிலையங்கள் நெருங்கி வாசிக்க இயலாதிருக்கும். புறநகரிலோ நெடுந்தூரம் வெறுமையாயிருக்கும். நிலத்தின்கீழ்ச் செல்லும் பயணிக்கு மேலேயுள்ள தெருவின் வளைவு எதற்கு? எந்த நிலையத்தில் ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவது என்பதன்றோ அவர்க்கு வேண்டியது? எனவே பெக், பாதைகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் 45 பாகைச் சாய்வாகவும் மட்டுமே வரைந்தார், நடுப்பகுதியை விரித்தார், புறப்பகுதியைச் சுருக்கினார், மேலேயுள்ளனவற்றுள் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார்.

விளம்பரப் பகுதியினர் முதலில் அதனை ஏற்றிலர். தூரத்தைக் காட்டாத வரைபடம் அவர்க்குப் புரட்சியாகத் தோன்றிற்று. பெக் மறுபடியும் சமர்ப்பித்தார். 1932இற் சோதனையாகச் சில படிகளும், 1933 சனவரியில் 7,50,000 படிகளும் அச்சாயின. மக்கள் உடனே விரும்பி ஏற்றனர். அடுத்த மாதமே மறுபதிப்பு வேண்டியதாயிற்று. இன்று உலகின் பல நகரங்களிற் காணப்படும் புகையிரத வரைபடங்கள் இம்முறையையே தழுவியவை.

இதிலிருந்து நாம் அறியத்தக்கன இரண்டு. நல்ல எண்ணம் வடிவமைப்புப் பகுதியிற் பிறந்தே தீரவேண்டும் என்னும் நியதியில்லை. சமிக்ஞைப் படம் கீறியவர் கைப்பழக்கமே பயணிகள் வரைபடத்துக்கு வழிவகுத்தது. ஆதலின் பிற பகுதியினர் கூறும் யோசனையை நிறுவன வரைகலைஞர் செவிமடுத்தல் வேண்டும். இரண்டாவது, மறுப்பு முடிவாகாது. மறுக்கப்பட்ட அமைப்பைக் கோபத்தாற் கிழித்தெறிபவர் அதன் பயனை இழப்பர். பேணி வைத்து, காலம் கனிந்தபோது மீண்டும் எடுத்துக் காட்டுபவர் வெல்வர். உள்ளே இருப்பவர்க்கு நாளையும் அதே மேசை, அதே தலைவர், அதே தேவை. வெளியாருக்கு இல்லாத இவ்வாய்ப்பை அவர் பயன்படுத்தல் வேண்டும்.

5. பெயரும் உரிமையும்

பெக்கின் வரலாறு வெற்றியோடு முடியவில்லை என்பதையும் மாணவர் அறிதல் நன்று. 1947இல் அவர் நிறுவனத்தை விட்டு அச்சுக்கலை கற்பிக்கச் சென்றார்; ஆயினும் வரைபடத்தைத் திருத்தும் பணியை விட்டிலர். புதுப்பாதை திறக்குந்தோறும் அதனைச் சேர்த்து, அமைப்புக் குலையாமற் காத்துவந்தார். 1960இல் நிலையச் சுவர்களில் வேறொரு வரைபடம் தோன்றிற்று. அதில் விளம்பர அதிகாரியாகிய ஹரோல்ட் ஹச்சிசன் என்பாரின் பெயர் இருந்தது. பெக்கின் முறையையே அடிப்படையாகக் கொண்டிருந்தும், அது அவரறியாமலே செய்யப்பட்டது. தம் உரிமையை நிலைநாட்ட அவர் ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதினார், பயன் விளையவில்லை. 1974இற் காலமானார். மூல அமைப்பு ஹரி பெக்கினது என்னும் குறிப்பு அவர் மறைந்து நெடுநாட் சென்றபின்னரே வரைபடத்தில் இடம்பெறலாயிற்று.

இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் மனம் வருந்தும். எனினும் வருந்துதலோடு அமையாது இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். சம்பளம் பெற்றுச் செய்த பணியின் உடைமை பெரும்பாலும் நிறுவனத்தைச் சாரும். பணியேற்கும்போது கைச்சாத்திடும் உடன்படிக்கையில் இது கூறப்பட்டிருக்கும். அதனைப் படிக்காமற் கைச்சாத்திட்டுப் பின்னர் முறையிடுதலாற் பயனில்லை. வேலைநேரத்துக்குப் புறம்பே செய்யும் பணி யாருடையது, நீங்கும்போது மாதிரிகளை எடுத்துச் செல்லலாமோ, வெளியே காட்டலாமோ என்பனவற்றை முன்னரே கேட்டு எழுத்திற் பெறுதல் அறிவுடைமை.

ஆனால், உடைமை வேறு. செய்தவர் பெயரைச் சொல்லுதல் வேறு. உடைமையை விலைகொடுத்து வாங்கலாம். இன்னார் செய்தார் என்னும் உண்மையை வாங்குதல் எவர்க்கும் இயலாது. ஆண்டறிக்கையின் இறுதிப் பக்கத்தில் ஒரு சிறு வரி இடுவதால் நிறுவனத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அவ்வரியைப் பெறும் இளைஞரோ அடுத்த ஆண்டின் பணியை இருமடங்கு கவனத்தோடு செய்வர்.

6. தலைவர் கடமை

பழைய மாணவருட் பலர் இன்று நிறுவனங்களின் தலைமையில் இருக்கின்றனர். அவர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். மேலே கண்ட வெற்றிகள் யாவற்றிலும் கலைஞரின் பின்னே ஒரு தலைவர் நின்றனர். பெங்குயினில் அலன் லேன், சீ.பி.எஸ். நிறுவனத்தில் ஸ்ரான்ரன், இலண்டன் சுரங்கப் பாதையில் பிராங் பிக். பிக் சட்டம் கற்றவர், ஓவியரல்லர். 1908 முதல் அந்நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பை ஏற்று, நல்ல ஓவியரைத் தேடிச் சுவரொட்டி வரைவித்தார். ஜோன்ஸ்ரனைக் கொண்டு எழுத்து அமைப்பித்தார். நிலையத்தின் இருக்கை முதல் பெயர்ப்பலகை வரை யாவும் ஒத்திருக்கச் செய்தார். அவர் தூரிகை ஏந்தியதில்லை. நல்லதைத் தெரிந்து, தக்கவரிடம் ஒப்படைத்து, இடையூறின்றிக் காத்தமையே அவர் திறன்.

தலைவர்க்கு நாம் கூறும் விதி எளிது. ஓர் அமைப்பை ஏற்பதா மறுப்பதா என்பதை ஒருவரே தீர்மானித்தல் வேண்டும். எழுவர் குழு எழுவகைத் திருத்தம் கூறின், அழைப்பிதழ் எழுவர்க்கும் பிடிக்காததாக முடியும். குறையைச் சொல்லும்போது குறையை மட்டும் சொல்க. பரிகாரத்தைக் கலைஞரிடம் விடுக. "திகதி கண்ணிற் படவில்லை" என்பது பயன்தரும் குறை. "திகதியைச் சிவப்பாக்கு" என்பது கட்டளை. அது பிற வழிகளை அடைத்துவிடும்.

7. நாள்தோறும் ஒழுகத்தக்கன

இனி, நடைமுறையில் நாம் பயன்கண்ட சிலவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

(அ) பணி வந்தவுடன் ஐந்து கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுதிக்கொள்க: யார் வாசிப்பர்? வாசித்தபின் என்ன செய்யவேண்டும்? எந்நாள் தேவை? எத்தனை படி? எங்கே, எந்தக் கடதாசியில் அச்சாகும்? இவற்றுள் இரண்டுக்கேனும் விடையில்லாதாயின் பணியைத் தொடங்காதிருத்தல் நன்று.

(ஆ) இறுதி வாசகம் கைக்கு வந்தபின்னரே பக்கத்தை அமைக்க. பாதி வாசகத்துக்கு அமைத்த பக்கம், மீதி வந்ததும் குலையும்.

(இ) அமைத்தவரே பிழை பார்த்தல் போதாது. அவர் கண் தான் எண்ணியதையே காணும். அதுவரை தாளைக் காணாத ஒருவரை ஒப்புநோக்கச் செய்க. பெயர், பட்டம், திகதி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனியே ஒருமுறை பார்க்க. பரிசளிப்பு விழா அழைப்பிதழில் விருந்தினர் பெயரிற் பிழை நேரின், எவ்வகை அழகும் அதனை ஈடுசெய்யாது.

(ஈ) ஆண்டில் ஒருமுறையேனும் அச்சகம் சென்று நிற்க. கணினித் திரையின் வர்ணம் ஒளியாலானது. செம்மை, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளின் கலப்பு. கடதாசியின் வர்ணமோ நான்கு மைகளின் கலப்பு. திரையில் ஒளிர்ந்த பச்சை, பளபளப்பற்ற கடதாசியில் மங்கிப்போகும். இதனைத் தலைவர்க்கு முன்கூட்டியே மாதிரி காட்டி விளக்குதல் பின்னர் எழும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

(உ) திரும்பத் திரும்ப வரும் பணிகளுக்கு மாதிரிச் சட்டகம் செய்து வைக்க. அறிவித்தல், சான்றிதழ், கடிதத்தலைப்பு ஆகியவற்றுக்கு நாள்தோறும் புதிதாய் மூளையைச் செலவிடின், உண்மையிற் புதுமை வேண்டிய பணிக்கு அது மிஞ்சாது.

(ஊ) மூலப்படங்களை நாளும் பெயருமிட்டு ஒரே இடத்தில் வைத்து, வேறோரிடத்தும் ஒரு படி பேணுக. நாம் நீங்கியபின் வருபவர் ஒரு நாளில் அவற்றை விளங்கிக்கொள்ளக்கூடுமாயின் நம் ஒழுங்கு செவ்விதென்று கொள்ளலாம்.

(எ) ஒரே வீட்டுச் சோற்றை உண்பவர் பிறர் சமையலையும் சுவைத்தல் வேண்டும். ஒரே நிறுவனத்துக்கு உழைப்பவர் கண்காட்சி, பிறநாட்டுச் சஞ்சிகை, கோயிற் சிற்பம், பழைய பதிப்புகள் முதலியவற்றைத் தேடிக் காணாராயின் அவர் கை குறுகிவிடும்.

முடிவுரை

இத்தொழில் பெருஞ்செல்வம் தருவதன்று. புகழும் பெரிதும் தருவதன்று. ஆயினும் நோயாளி ஒருவர் மருந்துச் சீட்டை ஐயமின்றி வாசித்தறியவும், வயோதிபர் ஒருவர் வங்கிப் படிவத்தைப் பிறர் உதவியின்றி நிரப்பவும், புதிய ஊரிற் பயணி ஒருவர் வழிதவறாதிருக்கவும் இது துணைபுரிகின்றது. படிவத்தில் எழுதும் இடம் போதாமையால் இருமுறை திருப்பி அனுப்பப்பட்ட ஏழையின் ஒருநாட் கூலி இழப்பை எண்ணுவோர், பக்க அமைப்பு அழகுக்கு மட்டும் உரியது எனக் கூறார்.

இனி, கல்லூரிக்கு ஒரு விண்ணப்பத்துடன் இக்கட்டுரையை முடிக்கின்றோம். பல கல்லூரிகளின் மலர்களைத் தொகுத்து நோக்குவார்க்கு, ஒரே கல்லூரியின் இலச்சினை ஆண்டுக்காண்டு வேறுபட்டு நிற்றல் புலனாகும். ஓராண்டிற் சுடர் நீளும், மற்றோராண்டில் தாமரையின் இதழ் குறையும், வேறோராண்டில் வாசகத்தில் எழுத்து மாறும். எமது கல்லூரியில் இனி அங்ஙனமாகாதவாறு, ஆய்ந்தமைத்த ஒரே வடிவத்தைச் சங்கத்திலும் அதிபர் கந்தோரிலும் வைத்துப் பேணுதல் வேண்டும். மலரை அமைப்போர், எழுத்துக் கோப்போர், ஒப்புநோக்குவோர் ஆகியோரின் பெயர்களை இறுதிப் பக்கத்தில் தவறாது அச்சிடுதலும் வேண்டும். அடுத்த விழா மலரை அமைக்கப்போகும் மாணவர் இன்று ஏதோ ஒரு வகுப்பிற் கொப்பியின் ஓரத்திற் படம் கீறிக்கொண்டிருப்பர். அவர் கையைத் தட்டாது, அதற்கு நல்ல கடதாசி கொடுக்க ஆசிரியர் முன்வருவாராக. கல்லூரித் தாய் நீடு வாழ்க.